பிளவோடு பிறந்த பிள்ளை: பாலூட்டுவதிலிருந்து கடைசிச் சத்திரசிகிச்சை வரை

உதட்டிலோ மேல்வாயிலோ பிளவோடு பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கியதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப தைப்பீங்க டொக்டர்?" என்பதாகத்தான் இருக்கும். 13 வருடங்களுக்கு முன் நானும் அதையேதான் கேட்டேன். ஒருமுறை தைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்துக் கேட்ட கேள்வி அது. எங்கள் மகன் இதுவரை நான்கு முறை சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் போய் வந்திருக்கிறான். இன்னும் ஒன்றோ இரண்டோ மீதமிருக்கின்றன. அந்த நான்கின் நாட்களையும் அவனுடைய எடை, இரத்தம், பேச்சு, பல் ஆகியவையே தீர்மானித்தன. எங்கள் அவசரத்துக்கோ வைத்தியரின் விருப்பத்துக்கோ அங்கே அதிக இடமிருக்கவில்லை. இந்த ஒழுங்கை முன்கூட்டியே அறிந்திருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்போம் என்பதாலேயே, களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து, புதிதாக இந்த வழியில் கால் வைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. உங்கள் பிள்ளையைப் பரிசோதித்த வைத்தியர் இதிலிருந்து வேறுபட்டு எதையாவது சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

பிறந்த முதல் வாரங்கள்

பாலுக்கு முன்னதாக மூச்சைக் கவனியுங்கள். கீழ்த்தாடை மிகச் சிறியதாகப் பின்வாங்கியிருந்து, மல்லாக்கப் படுக்கவைத்தால் இரைச்சலோடு மூச்சு விடவோ நெஞ்சு உள்ளிழுக்கவோ செய்கிற பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நாக்கு பின்னால் விழுந்து மூச்சுப் பாதையை அடைக்கக்கூடிய நிலை அது. வைத்தியசாலையில் இருக்கும்போதே சொல்லுங்கள். பிளவுடன் பிறக்கும் சில பிள்ளைகளுக்கு இதயத்திலோ வேறு உறுப்புகளிலோ குறை இருக்கக்கூடும் என்பதால், குழந்தை நல வைத்தியர் முழு உடலையும் ஒருமுறை பார்த்துவிட்டாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பால். உதட்டில் மட்டும் பிளவுள்ள பிள்ளைகளில் பலர் தாயிடமே நேரடியாகக் குடித்துவிடுவார்கள். தாயின் மார்பே அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மேல்வாயில், அதாவது அண்ணத்தில், பிளவிருந்தால் கதை வேறு. ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் வலிக்கும், இளநீர் ஏறாது. பிள்ளையின் நிலையும் அதுதான். வாய்க்குள் காற்றை அடைத்து உறிஞ்சும் விசை அதற்குக் கிடைக்காது, ஆனால் மெல்லவும் விழுங்கவும் தெரியும். எனவே பால் உறிஞ்சப்படாமலே வாய்க்கு வந்து சேர வேண்டும். தாய்ப்பாலை ஒரு நாளைக்கு குறைந்தது 8 தடவை, இரவிலும் விடாமல், கையாலோ பம்பாலோ எடுத்து, சிறிய கப்பினாலோ கரண்டியினாலோ பிதுக்கக்கூடிய மென்மையான போத்தலாலோ கொடுக்க வேண்டும். போத்தலாக இருந்தால் பிள்ளை சப்பும் தாளத்துக்கு ஏற்ப விட்டு விட்டு அமுக்குங்கள். ஒரேயடியாகப் பிதுக்கினால் புரையேறும்.

பிள்ளையை ஏறக்குறைய நிமிர்த்தி, தலையைத் தாங்கி இருத்திக்கொண்டு, பிளவில்லாத பக்கத்துக்குப் பால் போகும்படி கொடுங்கள். பால் மூக்கால் வருவதைக் கண்டு எங்கள் வீட்டில் முதல் நாள் ஒப்பாரியே எழுந்தது. அது இந்தப் பிள்ளைகளுக்கு இயல்பு. நிறுத்தித் துடைத்துவிட்டுத் தொடரலாம். இருமலோடு முகம் நீலமாக மாறினால் மட்டும் உடனே நிறுத்தி முன்பக்கமாகச் சாய்க்க வேண்டும். அது மீண்டும் மீண்டும் நடந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். காற்றையும் சேர்த்து விழுங்குவதால் இடையிடையே தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். ஒரு தடவை பாலூட்டுவது 30 நிமிடத்தைத் தாண்டினால் குடித்த பாலின் பலனைப் பிள்ளை குடிப்பதிலேயே செலவழித்துவிடும். எடுத்த பாலை வெளியே 4 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் நம் பகுதியில் அடிக்கும் வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவதே நல்லது.

கிழக்கில் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவது வழக்கம் என்பதால், இதில் நமக்கு ஒரு வசதி உண்டு: அம்மம்மாவும் சின்னம்மாவும் அதே வளவுக்குள் இருப்பார்கள். தாயைத் தவிர இன்னும் இரண்டு பேருக்காவது இந்த முறையில் பாலூட்டப் பழக்குங்கள். அந்த இருவரில் ஒருவர் தகப்பனாக இருக்கட்டும். என் மாமியார் மூன்றாம் நாளே தேன் தொட்டு வைக்கவும், மூன்றாம் மாதத்தில் கஞ்சி பருக்கவும் ஆசைப்பட்டார்; அன்பினால்தான். 6 மாதம் வரை பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்பது இந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதை மருத்துவமாது வந்து சொன்ன பிறகே அவர் ஒத்துக்கொண்டார்.

எடையே இந்தக் காலத்தின் பரீட்சை. பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் பிள்ளை திரும்பப் பெற்றுவிட வேண்டும். பின்னர் முதல் மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை நிறுப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் போதாது. உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லி, ஆரம்பத்தில் வாரம் ஒருமுறையாவது நிறுத்து, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கோடு மேலே போகாவிட்டால் இரண்டாவது வாரமே கேள்வி கேளுங்கள். தடுப்பூசிகளைப் பிளவுக்காக ஒத்திப்போட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இந்த வாரங்களிலேயே செய்யுங்கள்: படம் எடுங்கள். உதட்டைத் துணியால் மறைத்து, தலையைத் திருப்பி எடுத்த படங்கள்தான் எங்களிடம் இருக்கின்றன. 8 வயதில் மகன், "நான் பிறந்தப்போ எப்படி இருந்தன்?" என்று கேட்டபோது காட்டுவதற்கு ஒரு நேரான படம் இருக்கவில்லை. அவனுடைய அந்த முதல் சிரிப்பு அகலமானது. தைத்த பிறகு அது திரும்பி வரவே இல்லை.

கிரகணம் பற்றிய பேச்சு

31 ஆம் நாள் தொடக்குக் கழிவுக்கு வருகிறவர்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தாயிடம்தான் கேட்பார்கள்: கிரகணத்தில் வெளியே போனாயா, கத்தி பிடித்தாயா, எதையாவது வெட்டினாயா? தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்ற வேறுபாடு இந்தக் கேள்விக்கு இல்லை. மேலுதடு கருவின் 4 ஆம் கிழமைக்கும் 7 ஆம் கிழமைக்கும் இடையில் பொருந்துகிறது. அண்ணம் அதன்பின் சில கிழமைகளில் மூடுகிறது. வயிற்றில் பிள்ளை இருப்பது பல தாய்மாருக்கு உறுதியாகத் தெரிவதற்கு முன்பே உதட்டின் வேலை முடிந்துபோகிறது. 2019 டிசம்பர் 26 இல் கங்கண சூரிய கிரகணம் இலங்கையின் வானத்தைக் கடந்தபோது இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் கர்ப்பிணிகள் இருந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தாலே, அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றுக்கு இந்தப் பிளவு உண்டு. பரம்பரைக் கூறுகள், கர்ப்ப காலப் புகைப்பிடித்தல், கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் ஆகியவற்றுக்குத் தொடர்பிருப்பது தெரியும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. பெற்றோர் இருவருக்கும் பிளவு இல்லாமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் இருந்தால், அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 5 வரை என்று சொல்லப்படுகிறது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே போலிக் அமில மாத்திரையை ஆரம்பிப்பதுபற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வலிப்பு மருந்து எடுக்கும் தாய்மார் அதைத் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரைச் சந்தித்து மாற்றுவழி பேச வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்குத் தாய் பதில் சொல்லத் தேவையில்லை. தகப்பன் முன்னே வந்து, "அது கருவில சேராமப் போன இடம், தைச்சிருவாங்க" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட வேண்டும். நான் முதல் இரண்டு மாதங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் இருக்கிறது. பிள்ளை பிறந்து இரண்டு கிழமைக்குப் பிறகும் தாய் ஓயாமல் அழுதால், தூங்காமலும் பிள்ளையைத் தூக்க விரும்பாமலும் இருந்தால், அதை மருத்துவமாதுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

கோப்பு

அரசாங்க வைத்தியர்கள் இடமாற்றம் பெற்றுப் போவார்கள், கிளினிக் அறை மாறும், பழைய பதிவு அறையில் கட்டுகள் தொலையும். பிள்ளையின் முழுக் கதையையும் தொடக்கத்திலிருந்து வைத்திருக்கக்கூடியவர் நீங்கள் மட்டுமே. ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, கிளினிக் கொப்பி, ஒவ்வொரு முறை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதும் தருகிற டயக்னோசிஸ் கார்ட், இரத்தப் பரிசோதனை, காது கேட்டல் பரிசோதனை, எக்ஸ்ரே, மாற்றுக் கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி ஒழுங்கில் போடுங்கள். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியிலும் படமெடுத்து வையுங்கள். வெள்ளம் வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் நனைவது அலுமாரியின் கீழ்த்தட்டுத்தான். 2014 டிசம்பர் வெள்ளத்தில் எங்களுடைய முதல் கோப்பு அப்படித்தான் போனது.

எங்கே போவது என்பதைப் பிறந்த வைத்தியசாலையின் குழந்தை நல வைத்தியரே கடிதம் எழுதி ஒழுங்கு செய்வார். இலங்கையில் இந்தச் சத்திரசிகிச்சையைப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களும், வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் செய்கிறார்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ அம்பாறைப் பொது வைத்தியசாலையிலோ முதலில் விசாரியுங்கள். அங்கிருந்து கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ அனுப்பப்படுகிற பிள்ளைகளும் உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் போக்குவரத்து, தங்குமிடம், இழக்கிற கூலி எல்லாம் உங்கள் தலையில்தான். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கடிதத்தோடு போய் உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எங்காவது இலவச முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தைத்த பிறகு பேச்சையும் பல்லையும் பார்க்கப்போவது யார்? விடை இல்லாவிட்டால் என்னுடைய தீர்மானம், வேண்டாம் என்பதே.

உதட்டுக்கான சத்திரசிகிச்சை

பொதுவாக 3 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில் உதடு தைக்கப்படும். 10 கிழமை வயது, 10 இறாத்தல் எடை, அதாவது ஏறக்குறைய 4.5 கிலோ, இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் என்ற பழைய அளவுகோல் ஒன்று உண்டு. மயக்க மருந்தைத் தாங்க உடல் தயாரா என்பதைப் பார்க்கும் கணக்கு அது. சில இடங்களில் அதற்கு முன்பே உதட்டில் பிளாஸ்டர் ஒட்டியோ வாய்க்குள் ஒரு தட்டு வைத்தோ பிளவின் அகலத்தைக் குறைப்பார்கள்.

பயணத்தைத் திட்டமிடுங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு ரயில் இருக்கிறது. அம்பாறைப் பக்கத்தாருக்கு அந்த வசதியும் இல்லை, பஸ் அல்லது வாடகை வான் மட்டுமே. மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறுகிற பாதையில் '18 வளைவு' என்று பெயர்பெற்ற மலை வளைவுகள் இருக்கின்றன. வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டு அந்த வளைவுகளில் ஏறாதீர்கள். சத்திரசிகிச்சைக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு ஒரு கிழமை முன்பிருந்தே தடிமல், காய்ச்சல் உள்ளவர்களைப் பிள்ளையின் அருகே விட வேண்டாம். எங்கள் முதல் பயணம் அப்படித்தான் வீணானது: குளிரூட்டிய வானில் இரவெல்லாம் போய், விடியற்காலையில் மூக்கு ஒழுகியதால் மயக்க மருந்து வைத்தியர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. சளியோடு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் இறுகி ஆபத்தாகலாம் என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

வார்ட்டில் பெரும்பாலும் தாய் மட்டுமே தங்கலாம். தகப்பன் வெளியே இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்மதப் படிவத்தில் கையெழுத்திட முன் அது உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கப்பட வேண்டும். எங்களுக்கு ஒரு வைத்தியசாலையில் சிங்களப் படிவத்தை நீட்டி, "சைன் பண்ணுங்க" என்றார்கள். எழுந்துபோய்ப் பக்கத்து வார்ட்டில் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைத் தேடிக் கூட்டி வந்தேன். பத்து நிமிடம்தான் ஆனது, யாரும் கோபிக்கவில்லை. தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். என்ன செய்யப்போகிறார்கள், எவ்வளவு நேரமாகும், எத்தனை நாள் தங்க வேண்டும், நூல் தானாகக் கரையுமா வெட்ட வேண்டுமா என்ற நான்கையும் முதல் நாளே கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள்.

பட்டினி நேரத்தைத் தாதி சொல்கிறபடி நிமிடம் தவறாமல் பின்பற்றுங்கள். பல இடங்களில் மாப்பாலையும் திட உணவையும் 6 மணித்தியாலத்துக்கு முன்பும், தாய்ப்பாலை 4 மணித்தியாலத்துக்கு முன்பும் நிறுத்துவார்கள். பிள்ளை கத்துகிறது என்று அம்மம்மா ஒளித்து ஒரு கரண்டி பருக்கினால்கூட அதைச் சொல்லிவிட வேண்டும். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போவது உயிராபத்து.

தியேட்டரிலிருந்து வரும் முகம் நீங்கள் அறிந்த முகமாக இருக்காது. வீக்கம், காய்ந்த இரத்தம், சேலைன் ஊசி, பழகிய பிளவு இருந்த இடத்தில் ஒரு கோடு. என் மனைவி சில கணங்கள் பிள்ளையைத் தொடவே இல்லை. இது பல தாய்மாருக்கு நேர்வது என்று தாதி சொன்னார். எச்சிலில் ஓரிரு நாள் இலேசான இரத்தம் கலந்திருக்கலாம். கையை வாய்க்குக் கொண்டுபோகாதபடி முழங்கையில் மென்மையான உறை போடுவார்கள். நேரத்துக்கு நேரம் ஒரு கையாகக் கழற்றி அசைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். தையலை வைத்தியர் சொன்னதைக் கொண்டு மட்டும் சுத்தம் செய்யுங்கள். மஞ்சள், திருநீறு, தேங்காயெண்ணெய் எதுவும் புண்ணுக்கு வேண்டாம். தழும்பு முதல் இரண்டு மூன்று மாதங்கள் சிவந்து தடித்து, நாங்கள் ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்க வைக்கும்; ஏறக்குறைய ஒரு வருடத்தில் மெலிந்து வெளிறும். தடவிவிடும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய இரத்தம் ஒழுகுதல், மூச்சு வாங்குதல், காய்ச்சல், பால் மறுத்தல், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, தையல் பிரிதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய், கோப்பைக் காட்டி, சத்திரசிகிச்சை செய்த இடத்தோடு பேசச் சொல்லுங்கள்.

அண்ணமும் பேச்சும்

உதடு தைத்ததும் ஊரார் கேட்பது நின்றுவிடும், பெற்றோரும் ஓய்ந்துவிடுவார்கள். இந்த வழியில் மிகப் பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கிறது. அண்ணப் பிளவு வெளியே தெரியாது, பிள்ளையும் பால் குடித்துப் பழகிவிட்டது, ஏன் இன்னொரு முறை வெட்ட வேண்டும் என்று கிளினிக்கை விட்டவர்களை எனக்குத் தெரியும். அண்ணம் பொதுவாக 9 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் தைக்கப்படுகிறது. சொற்கள் வருவதற்கு முன் கருவி தயாராக வேண்டும் என்பதே அதன் காரணம்.

பாடசாலையில் படித்த வல்லினம், மெல்லினம் இங்கே உதவிக்கு வரும். ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய மெல்லினங்களுக்கு மூக்கால் காற்று வர வேண்டும். க, ச, ட, த, ப, ற ஆகிய வல்லினங்களுக்கு மேல்வாயின் பின்பகுதி எழும்பி மூக்கை அடைத்து, காற்று வாய்க்குள் தேங்கி வெடிக்க வேண்டும். அடைப்பு இல்லாத பிள்ளைக்கு வல்லினம் மெல்லினமாக ஒழுகிவிடும். எங்கள் மகன் ஒன்றரை வயதில் தாயையும் என்னையும் "அம்மா" என்றே கூப்பிட்டான். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் "அப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான் என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர் விளக்கிய நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1980களின் நடுப்பகுதியில் காலியில் வெளிநாட்டு நிபுணர்களும் நம் நாட்டவரும் சேர்ந்து, சத்திரசிகிச்சை கிடைக்காமலே வளர்ந்துவிட்ட பெரியவர்களைப் பல வருடங்கள் பார்த்து ஆராய்ந்தார்கள். முகத்தின் வளர்ச்சியைப் பற்றி உலகம் அறிந்திருக்கும் பலவற்றுக்கு அந்த இலங்கை நோயாளிகளே ஆதாரம். அங்கே கண்டவற்றில் ஒன்று, வயது போனபின் அண்ணத்தைத் தைத்தவர்களுக்குப் பேச்சு எளிதில் திருந்தவில்லை என்பது. உதட்டைப் பிந்தியும் தைக்கலாம். அண்ணத்தைப் பிந்த விடாதீர்கள்.

இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று கிழமைக்கு உணவில் கவனம் வேண்டும். பால், வடித்த கஞ்சி, சூப், நன்கு மசித்துக் கரைத்த சோறு ஆகியவற்றைக் கப்பால் கொடுங்கள். ரஸ்க், முறுக்கு, பிஸ்கட், மீன்முள் இருக்கக்கூடிய எதுவும் வேண்டாம். கரண்டியை உள்ளே விடாமல் உதட்டில் வைத்துச் சாயுங்கள். உண்டபின் சிறிது தண்ணீர் பருக்குங்கள். ஸ்ட்ரோ, சூப்பி, விரல் மூன்றும் வாய்க்குள் போகக் கூடாது. சில பிள்ளைகளுக்குத் தையலுக்கிடையில் சிறு துவாரம் மீந்து, பால் மூக்கால் எட்டிப் பார்க்கும். அது பின்னர் மூடப்படும்.

காதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அண்ணத்தின் தசையே நடுக்காதுக்குக் காற்றுப் போகும் குழாயைத் திறப்பது. அது சரியாக வேலை செய்யாதபோது செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் தேங்கும். வலி இருக்காது, சீழ் வராது, பிள்ளைக்குக் கேட்பது மட்டும் குறையும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் குழப்படிக்காரன் என்று ஏசுவதற்கு முன் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள். எங்கள் மகனுக்கு அண்ணம் தைத்த அதே மயக்கத்தில் செவிப்பறையில் சிறு குழாயும் வைத்தார்கள்.

தைத்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடாது. காற்று ஒழுகிய காலத்தில் பிள்ளை ப, ட, க ஆகியவற்றுக்குப் பதிலாகத் தொண்டையை வெட்டிச் சொல்லப் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தைச் சிகிச்சையால்தான் மாற்ற முடியும், அதுவும் வீட்டு மொழியில். தமிழில் பேச்சுச் சிகிச்சை தரக்கூடியவர்கள் குறைவு. காத்திருக்க வேண்டியிருந்தால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள். மாதம் ஒருமுறை கிளினிக்கில் கிடைக்கும் அரை மணித்தியாலத்தைவிட, அவர் தருகிற பயிற்சியைத் தினமும் பத்து நிமிடம் வீட்டில் செய்வதில்தான் பலன் இருக்கிறது. பலூன் ஊதினால் பேச்சுத் திருந்தும் என்று பலர் சொல்வார்கள். மாமாங்கத் திருவிழாவில் ஊதுகுழல் வாங்கி வாங்கி வீடு நிறைந்ததுதான் மிச்சம். ஊதுவதால் ஊதப் பழகுமே ஒழிய எழுத்து வராது. பிழையாகச் சொன்ன சொல்லை எல்லோர் முன்னும் திருப்பிச் சொல்லவைக்காதீர்கள்; நீங்கள் சரியாக ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

சிகிச்சைக்குப் பிறகும் மூக்கால் காற்று ஒழுகினால், 4 முதல் 6 வயதுக்குள் பேச்சுக்காகவே இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படலாம். எங்களுக்கு அதுவே மூன்றாவது. முடிந்தால் முதலாம் ஆண்டுக்கு முன் அதை முடித்துக்கொள்ளுங்கள்.

பாடசாலை

முதலாம் ஆண்டுக்குச் சேர்க்கும் முன் வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்து, பிள்ளைக்குப் புத்தியில் குறையில்லை என்பதையும், முன்வரிசையில் இருத்தினால் காதுக்கு நல்லது என்பதையும், சத்தமாக வாசிக்கச் சொல்லும்போது சிரிப்பு எழுந்தால் அதை எப்படி அடக்கலாம் என்பதையும் பேசுங்கள். பிள்ளைக்கு ஒரு வசனத்தைப் பழக்கிவிடுங்கள். "பிறக்கக்குள்ள என்ட உதடு சேரல்ல, டொக்டர் தைச்சவர்" என்று எங்கள் மகன் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான். கேட்டவர்களுக்கும் அது போதுமாக இருந்தது. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் மட்டும் நீங்கள் தலையிடுங்கள்.

முரசு எலும்பும் புலமைப்பரிசிலும்

பிளவு முரசையும், அதாவது பல் ஈறையும், கடந்து போயிருந்தால் அங்கே எலும்பில் ஒரு வெற்றிடம் இருக்கும். 8 வயதுக்கும் 11 வயதுக்கும் இடையில், வேட்டைப்பல் இறங்குவதற்கு முன், பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து அந்த வெற்றிடத்தை நிரப்புவார்கள். பல் இறங்க எலும்பு வேண்டும். இறங்குகிற பல்லும் அந்த எலும்பைக் காப்பாற்றும். எனவே இந்த நாளை நிச்சயிப்பது எக்ஸ்ரேயில் தெரிகிற பல்லின் வேர்.

நம் ஊரில் அந்த வயதை நிச்சயிப்பது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. "சோதனை முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்று ஒரு வருடம் தள்ளுவது மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சாதாரணம். எங்கள் வீட்டிலும் இரண்டு கிழமை வாக்குவாதம் நடந்தது. பல் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "ஒரு வருடம் பொறுத்தால் பல் பொறுக்குமா?" பொறுக்கும் என்றால் பொறுக்கலாம். பொறுக்காது என்றால், பிறகு எத்தனையோ பரீட்சை எழுதலாம் என்பதை நினைவில் வைத்துத் தீர்மானியுங்கள். நாங்கள் நான்காம் ஆண்டு விடுமுறையில் முடித்தோம். வாயைவிட இடுப்புத்தான் வலித்தது. சில நாட்கள் நொண்டி நடந்தான்.

இதற்கு முன் பல்லில் ஒரு சூத்தையும் இருக்கக் கூடாது, ஏனென்றால் அழுகல் உள்ள வாயில் வைத்த எலும்பு பிடிக்காது. பாற்பல் விழுந்துவிடும்தானே என்று விட்டுவிடாமல், முதல் பல் முளைத்த நாளிலிருந்தே தழும்பின் பக்கத்தையும் மென்மையான பிரஷ்ஷால் விளக்குங்கள். பிளவின் ஓரத்தில் ஒரு பல் முளைக்காமலே போகலாம், கோணலாகவும் முளைக்கலாம். கம்பி போடும் சிகிச்சை அதற்குப் பிறகு தொடங்கும், சில வருடங்கள் நீளும்.

பதின்ம வயதில்

மேல்தாடை வளராமல் உள்வாங்கிக் கீழ்த்தாடை முன்தள்ளித் தெரிந்தால், தாடையை நகர்த்தும் சத்திரசிகிச்சை உண்டு. முக எலும்பு வளர்ந்து முடிந்த பிறகுதான், பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 16 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 18 வயதளவிலும் அது சாத்தியம். மூக்கைச் சீராக்குவது அதற்கும் பின்னால் வரும். இவற்றைச் செய்வதா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்ப்பது அவர். கலியாணப் பேச்சு வருமுன் மூக்கை நேராக்கிவிட வேண்டும் என்று உறவினர் எழுப்பும் அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். 10 வயதிலிருந்தே கிளினிக்கில் கேள்விகளைப் பிள்ளையையே கேட்க விடுங்கள். சென்ற முறை எங்கள் மகன் வைத்தியரிடம், மீசை வளர்ந்தால் தழும்பில் முடி முளைக்குமா என்று கேட்டான். 13 வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி.

சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியவர்களுடைய கிளினிக்குக்கு மாறும் காலத்தில்தான் பலர் தொடர்பை இழக்கிறார்கள். கடைசிச் சிறுவர் கிளினிக் நாளன்று, இதுவரை நடந்த சத்திரசிகிச்சைகளின் தேதியும் இனி நடக்க வேண்டியவையும் எழுதப்பட்ட மாற்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கோப்பிலும் ஒன்றை வீட்டிலும் வைத்துவிட்டு, மூன்றாவதைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.